சத்தம் போய்ச் சேரும் இடம்

கொழுந்தன் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் குனிந்து கையை விட்டதும் அவள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஸ்பீக்கர் ஒயரை உருவப்போகிறான் என்று நினைத்துவிட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்த்து, கையிலிருந்த கரண்டியையும் பார்த்தான்.

"நான் கழட்டல அண்ணி. இறுக்கமா இருக்கான்னுதான் பாத்தேன். அந்தக் கதை எனக்கும் தெரியும்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கணவன் இறந்த பிறகு அந்த அறை கேட்ட முதல் சிரிப்பு அதுதான். வந்த வேகத்திலேயே இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தக் கதை மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது. பிள்ளை தூங்கட்டும் என்று, அவள் கணவன் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான். பெட்டிக்குள் பல்பு மாதிரியான வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தன. வெறும் கம்பியின் முனகலைத் தவிர வீட்டில் சத்தமே இல்லை. எவ்வளவு நல்ல அப்பா என்று அவள்கூட ஒரு கணம் நெகிழ்ந்துபோனாள். சற்று நேரத்தில் கருகல் வாடை வந்தது. பால் பொங்கிவிட்டது என்று அவள் அடுப்புக்கு ஓட, கருகியது ஆம்ப்ளிஃபயருக்குள் இருந்த டிரான்ஸ்ஃபார்மர். வால்வு செட்டில் பிறக்கிற சக்தி எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஸ்பீக்கர் என்கிற வாசலை அடைத்துவிட்டால் அது வந்த வழியே திரும்பி வீட்டைக் கொளுத்தும் என்று பிறகு வால்வு அண்ணன் வந்து விளக்கினார். அவர் பழைய ரேடியோக்களையும் இது போன்ற பெட்டிகளையும் பழுது பார்ப்பவர். புது டிரான்ஸ்ஃபார்மர் வந்து சேரும்வரை, கூட வாசிப்பவர்கள் அவள் கணவனை மௌனச்சாமி என்று கூப்பிட்டார்கள். அவனும் கைதூக்கி ஆசீர்வாதம் செய்தான்.

இன்று சாயங்காலம் அந்த ஆம்ப்ளிஃபயர் கொழுந்தன் வீட்டுக்குப் போகிறது. வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. எடுத்துக்கொள் என்று சொன்னவள் அவள்தான். வாசிக்காமல் போட்டால் வீணாய்ப் போகும், அவனாவது வாசிப்பான். கொடுப்பதில் அவளுக்கு வருத்தமில்லை. போவதற்கு முன் இந்த அறையில் ஒரே ஒரு தடவை கணவனின் கிட்டார் குரலைக் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை அவளுக்கு. சில வாரங்களுக்கு முன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தவள், சும்மா இருக்கிற மனசு தேடுகிற மாதிரி அந்தக் கிட்டார் ஒலியைத் தேடினாள். கிடைக்கவில்லை. கைபேசியில் அவள் பதிந்து வைத்திருந்த தகர ஒலிதான் வந்தது. அதில் அவன் விரல் இருக்கிறது, தொண்டையைக் கனைப்பது இருக்கிறது, தப்பாக வாசித்துவிட்டுத் தன்னையே திட்டிக்கொள்வதும் இருக்கிறது. தடித்து, ஓரத்தில் லேசாகக் கிழிந்து, காலையில் எழுந்தவுடன் பேசுகிறவன் குரல் மாதிரி இருக்குமே, அது மட்டும் இல்லை. முகத்துக்குப் புகைப்படம் இருக்கிறது. இதற்கு ஒன்றுமே இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அடுத்த பக்கத்தில் இரண்டு பிழைகளை விட்டுவிட்டாள்.

அந்தக் குரல் வால்வுகளை மூச்சுத் திணறத் திணற விரட்டினால்தான் வரும். அப்படி விரட்டினால் ஜன்னல் கண்ணாடி ஆடும். கீழ் வீட்டில் இருப்பவள் நர்ஸ். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள். அவனுடைய கடைசி மாதங்களில் ஊசி போட, கூப்பிட்ட போதெல்லாம் தூக்கக் கலக்கத்தோடு படியேறி வந்தவள். ஒரு வாய் காப்பிகூட வாங்கிக் குடித்ததில்லை. முந்தாநாள் கேட்டதற்கு, "தாராளமா வாசிங்கக்கா, நான் ஆஸ்பத்திரி இரைச்சல்லயே தூங்கிப் பழகினவ" என்றுதான் சொன்னாள். சொல்லும்போதே கண் இரண்டும் செவசெவவென்று இருந்தன. அந்தக் கண்ணுக்கு மேல் நின்று சத்தம் போட இவளுக்கு மனம் வரவில்லை.

காலையிலிருந்து இருவரும் எல்லாம் செய்து பார்த்துவிட்டார்கள். சத்தக் குமிழைத் திருகிக் குறைத்தார்கள். ஒலி சலவைக்குப் போட்ட சட்டை மாதிரி சுத்தமாக, சன்னமாக வந்தது. "இது யாரோ இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் மாதிரி இருக்காரு" என்றாள். குமிழைக் கொஞ்சம் ஏற்றி, ஸ்பீக்கர் மேல் கம்பளியைப் போர்த்திப் பார்த்தார்கள். ஜுரத்தில் முனகுகிற மாதிரி கேட்டது. அதை அவள் உடனே நிறுத்தச் சொன்னாள். அந்த முனகலை அவள் வேண்டிய மட்டும் கேட்டாயிற்று.

"எங்க ஷெட்டுக்கு வந்துடுங்களேன் அண்ணி. அக்கம்பக்கமே கெடையாது. கூரை பறக்க வாசிக்கறேன்."

"அங்க கேட்டா அது உன் சத்தம்ப்பா. இங்க கேட்டாத்தான் அவரு."

அவன் கிட்டாரின் கம்பிகளை வெறுமனே துடைத்துக்கொண்டிருந்தான்.

மதியத்துக்கு மேல் வால்வு அண்ணன் வந்தார். அவளே போன் செய்து கேட்டிருந்தாள். குழந்தையைத் தூக்கி வருவதுபோல் ஒரு இரும்புப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். மேல்பக்கம் அலுமினியத் தகடுகள் வரிசையாக நின்றன. ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் அதை மாட்டினார். இப்படிப்பட்ட பெட்டிகளை அவள் கணவனுக்குப் பிடிக்காது. சிங்கத்தைப் பிடித்துப் பூனைக்கூண்டில் போடுகிற வேலை என்பான். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"வால்வு தான் முழுசா கத்தறோம்னு நெனச்சுக்கும்மா. முக்காலே மூணு வீசத்த இது வாங்கிக்கும். மிச்சம்தான் ஸ்பீக்கருக்கு" என்றார்.

"வாங்கி எங்க வச்சுக்கும்?"

"வச்சுக்க எங்க எடம். சூடாக்கிடும், அவ்வளவுதான்." தகடுகளைத் தடவினார். "ஆனா ஒண்ணு. அப்படியே வரும்னு எதிர்பாக்காத. ஸ்பீக்கரும் திணறினாத்தான் முழுக் கொரலு. கம்மிச் சத்தத்துல நம்ம காதும் வேற மாதிரி கேக்கும்."

"எவ்வளவு வருமோ வரட்டும்ணே."

கொழுந்தன் குமிழைத் தன் அண்ணன் வைக்கிற இடத்துக்கு ஏற்றினான். அந்த இடத்தில் பழைய நகப்பூச்சுப் புள்ளி ஒன்று இருந்தது, அவளுடையது. தன் வாசிப்பு எதையும் அவன் எடுக்கவில்லை. அவன் அண்ணன் தினமும் கிட்டாரை மாட்டியதும் சோதித்துப் பார்க்கிற ஒரு சின்னத் துண்டு உண்டு. மேலே ஏறி, ஒரு ஸ்வரத்தை வளைத்து, அங்கேயே தொங்கவிட்டு நிறுத்துவது. அதை வாசித்தான்.

இரண்டு பேர் பேசிக்கொள்கிற அளவுக்குத்தான் சத்தம். முதலில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தூரத்து வீட்டில் யாரோ வாசிப்பது போலிருந்தது. இவ்வளவுதானா என்று கொழுந்தனைப் பார்த்தாள். மறுபடி வாசித்தான். வளைந்த ஸ்வரம் தேய்ந்துகொண்டே வந்து, அடங்கப் போகிற இடத்தில், ஓரம் லேசாகக் கிழிந்தது.

அவள் தரையில் உட்கார்ந்து ஸ்பீக்கர் துணியில் காதை வைத்தாள். அவன் வாசிக்கும்போது இவ்வளவு பக்கத்தில் அவள் இருந்ததே இல்லை. சத்தம் தாங்காமல் அடுப்படியில் நின்றுதான் கேட்பாள். இந்தக் குரலுக்குள் இத்தனை மணல் இருந்திருக்கிறதா? விரல் தம்பியுடையது. மற்றதெல்லாம் அவன்.

"போதுமா அண்ணி?"

"இன்னொரு தடவ."

எத்தனை இன்னொரு தடவை என்று யாரும் எண்ணவில்லை. தெருவில் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். கொழுந்தன் ஸ்விட்சை அணைத்தான். வால்வுகளின் வெளிச்சம் உள்வாங்கி மறைவதை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வால்வு அண்ணன் ஒயர்களைக் கழற்றிச் சுருட்டினார். ஆம்ப்ளிஃபயர் இருவர் தோளில் படியிறங்கியது. கீழ் வீட்டு வாசலைத் தாண்டும்போது, மெதுவா மெதுவா என்று கொழுந்தன் கிசுகிசுப்பது மேலே கேட்டது.

வால்வு அண்ணனின் இரும்புப் பெட்டியை எடுக்க அவன் திரும்பி வந்தபோது, அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து தகடுகள் மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

"சுடுது அண்ணி, கைய எடுங்க."

"சுடட்டும். ஆறினதும் எடுத்துட்டுப் போ."

அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டான். ஹாரன் மறுபடி அடித்து ஓய்ந்தது. கீழே குழாய் திறந்து வாளியில் தண்ணீர் விழுந்தது. நர்ஸ் எழுந்துவிட்டாள். அவளுக்கு வேலைக்குக் கிளம்பும் நேரம். ஜன்னல் கண்ணாடி அசையாமல் நின்றது. கைக்கு அடியில், கேட்காமல் போன சத்தமெல்லாம் இன்னும் சூடாக இருந்தது.