நண்டுக் குழம்பும் நனையாத கையும்

"கை நனைக்காமப் போயிட்டாங்க."

உமாமகேஸ்வரி சொன்னது அவ்வளவுதான். நண்டுக் குழம்புச் சட்டியை மூடினாள். விருந்துக்கென்று புதிதாக வாங்கிய பீங்கான் தட்டுகளை எடுத்து, அவை வந்த அட்டைப்பெட்டியிலேயே திரும்ப அடுக்கினாள். எந்தத் தட்டிலும் ஒரு பருக்கை பட்டிருக்கவில்லை.

அதைப் பார்க்கப் பார்க்க மகள் அனுப்ரியாவுக்கு ஆத்திரம் பொங்கியது.

சிங்கப்பூரின் இன்னொரு மூலையில் உள்ள காத்தோங்கிலிருந்து சம்பந்தம் பேச வந்தவர்கள் இப்போதுதான் லிஃப்டில் இறங்கிப் போனார்கள். அவள் பல்கலைக்கழக நாட்களிலிருந்து காதலிக்கும் யதீசன், அவன் அப்பா இராஜரத்தினம், அம்மா மனோரஞ்சிதம். அப்பா ஓய்வுபெற்ற வழக்கறிஞர், அம்மா பள்ளி முதல்வராக இருந்தவர். தாத்தா காலத்திலேயே கோட்டும் டையும் போட்ட யாழ்ப்பாணத்துக் குடும்பம்.

அனுப்ரியாவின் வீடு புக்கிட் பாஞ்சாங்கில் அரசாங்க வாடகை வீடு. அப்பா சின்னராசு ஒரு கிடங்கில் செக்யூரிட்டி. அம்மாவுக்கு லிட்டில் இந்தியாவில் காய்கறிக் கடையில் அழுகல் பொறுக்குகிற வேலை. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பட்டம் வாங்கியவள் அனுப்ரியா ஒருத்திதான். அவளுடைய பட்டமளிப்புப் படத்துக்குக் கீழேதான் வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் குடித்தார்கள், வெயிலைப் பற்றிப் பேசினார்கள். "சாப்பிடலாமா?" என்று உமாமகேஸ்வரி எழுந்ததும் மனோரஞ்சிதம் பதறிப்போய், "ஐயோ, வேண்டாம். நாங்கள் சாப்பிட்டுட்டுத்தான் வந்தனாங்கள்," என்றார். கெஞ்சிக் கேட்டும் அதே பதில்தான்.

சம்பந்தம் பேசப் போன வீட்டில் கை நனைத்தால் சம்மதம். நனைக்காமல் எழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். வாயால் சொல்லக் கூசுவதை வயிற்றால் சொல்லிவிட்டுப் போவது உமாமகேஸ்வரியின் சொந்தத்தில் இன்றைக்கும் உள்ள வழக்கம்.

"இப்பல்லாம் யாரு லா அதெல்லாம் பாக்குறா?" என்றார் சின்னராசு. "டயட்டா இருக்கும்."

"டயட்டா? அந்த அங்கிள் வயித்தப் பாத்தீங்களாப்பா?"

சின்னராசு சிரித்துவிட்டார். உமாமகேஸ்வரி சிரிக்கவில்லை.

"அவருக்கு நண்டுன்னா உசிருன்னு அந்தத் தம்பிதானே சொன்னுச்சு? தேக்கா மார்க்கெட்டுல ஒவ்வொண்ணாத் தூக்கிப் பாத்து வாங்கினேன்டி. தண்ணியோட எந்திரிச்சுப் போறவங்க வீட்டுல நீ காலம்பூரா எப்படித் தலை நிமிந்து நடப்ப? எனக்கு இந்தச் சம்பந்தம் வேணாம்."

அம்மா கோபத்தில் சொல்லியிருந்தால் அனுப்ரியா சண்டை போட்டிருப்பாள். அம்மா அதைத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அந்தக் குரலுக்கு எதிராக யார் சண்டை போட முடியும்?

அனுப்ரியா சமையலறைக்குள் போனாள். டிபன் கேரியரை எடுத்து, பெரிய நண்டாகப் பார்த்து அள்ளிப் போட்டாள்.

"எங்கடி போற?"

"காத்தோங்குக்கு. வேணாம்னா வாயால சொல்லட்டும். அப்புறம் நானே வேணாம்னு சொல்லிட்டு வர்றேன்."

ரயிலில் சாப்பிடக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்தார்கள். மணக்கக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. எதிரே இருந்தவர் மூக்கைச் சுளித்தபோது அனுப்ரியா கேரியரை மடியில் இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் பேசவேண்டிய வசனங்களை ஒத்திகை பார்த்தாள். எல்லாம் நல்ல காரமாகவே வந்தன.

யதீசனின் வீடு வாசலில் மாமரம் நிற்கிற தனி வீடு. இரும்புக் கதவைத் திறந்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டான். உள்ளே போனவள் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

இராஜரத்தினம் மேகி மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்டியிலிருந்து அப்படியே, அவசர அவசரமாக, மூக்குக்கண்ணாடியில் ஆவி படியப் படிய. பக்கத்தில் மனோரஞ்சிதம் ரொட்டியில் வெண்ணெய் தடவிய கையோடு உறைந்திருந்தார்.

"சாப்பிட்டுட்டுத்தான் வந்தீங்க, இல்லையா ஆண்ட்டி?" என்றாள் அனுப்ரியா.

இராஜரத்தினத்தின் வாயில் பாதி தொங்கிய மீ மெல்ல உள்ளே போனது.

"பசியோட வந்து, பசியோட போயிருக்கீங்க. எங்க வீட்டுச் சட்டி அவ்வளவு அழுக்கா?"

"பிள்ளை, சத்தியமா அப்படி இல்லை," மனோரஞ்சிதம் எழுந்தே விட்டார். "நான்தான் இவையளிட்டச் சொன்னனான், அங்க ஒண்டும் சாப்பிடக் கூடாதெண்டு. வாடகை வீடு, அம்மா கடையில வேலை எண்டு யதீசன் சொன்னவன். மூண்டு பேர் போய்ச் சாப்பிட்டா அவைக்கு எவ்வளவு கஷ்டம்? அதுதான்..."

"ஓ. பாவம் பாத்தீங்களா?"

"பாவமில்லை. ஒரு... consideration."

"அதுக்குத் தமிழ்ல பாவம்தான் ஆண்ட்டி. நாங்க ஏழைங்க, சரி. சோத்துக்கு இல்லாதவங்களா? எங்கம்மா விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு மசாலா அரைச்சாங்க. நீங்க எங்க அடுப்புச் செலவ எண்ணிப் பாத்துட்டு வந்து தண்ணி குடிச்சிட்டுப் போயிருக்கீங்க. கை நனைக்காமப் போனா சம்பந்தம் வேணாம்னு அர்த்தம். அம்மா அந்தத் தட்டெல்லாம் பெட்டியில போட்டு மூடிட்டாங்க."

"சம்பந்தம் வேண்டாமெண்டா?" மனோரஞ்சிதம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு அப்படியொரு வழக்கம் தெரியவே தெரியாதே!"

அனுப்ரியா யதீசன் பக்கம் திரும்பினாள். "உனக்கு வாய் எங்க போச்சு?"

"அம்மா சொன்னது எனக்கும் நியாயமாத் தெரிஞ்சுது, அனு. தப்புதான்." அவன் தலையைச் சொறிந்தான். "ஆனா ஒண்ணு கேக்கவா? நீ இங்க வரும்போதெல்லாம் என்ன சொல்லுவ?"

"அதுக்கு இப்ப என்ன?"

"'சாப்பிட்டேன் ஆண்ட்டி'ன்னு சொல்லுவ." அவன் மனோரஞ்சிதம் பக்கம் திரும்பினான். "அம்மா, வெளிய போனதும் இவ மூலை காப்பிக்கடையில உட்கார்ந்து முட்டைப் பரோட்டா சாப்பிடுவா. ரெண்டு. அப்புறம் என்னோடதுல பாதி."

மனோரஞ்சிதத்தின் முகம் வாடியது. "நான் இடியப்பம் அவிச்சு வச்சிருப்பனே பிள்ளை. எங்கட சாப்பாடு உனக்குப் பிடிக்கேல்லையாக்கும் எண்டு நினைச்சன்."

அனுப்ரியாவுக்குக் காது சூடானது. முதல் தடவை இந்த வீட்டுக்குக் கிளம்பியபோது அம்மா சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது: 'கேட்டவுடனே உட்காந்துடாத. சோத்துக்கு வந்தவன்னு நினைச்சுருவாங்க.' அன்றைக்கு இடியப்பத்தின் மணம் இந்தக் கூடம் முழுக்க இருந்தது. அவள் எச்சிலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆனாலும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. "நான் வேணாம்னது மானத்துக்கு. நீங்க வேணாம்னது இரக்கத்துக்கு. ரெண்டும் ஒண்ணில்ல ஆண்ட்டி."

மனோரஞ்சிதம் நாற்காலியிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "ஓம். ஒண்டில்லை," என்றார். பள்ளி முதல்வராக இருந்தவருக்கு அப்படி ஒத்துக்கொள்வது அத்தனை லேசாக இருந்திருக்காது.

இதற்குள் இராஜரத்தினம், அவள் மேசைமேல் வைத்திருந்த கேரியரின் மேல்மூடியைச் சத்தமில்லாமல் திறந்திருந்தார். மிளகும் பூண்டும் கூடம் முழுக்க எழுந்தன. அவர் விரல் நண்டுக் காலைத் தொடப்போகும் நேரத்தில் அனுப்ரியா மூடியைப் பறித்து மூடினாள்.

"இங்க இல்ல அங்கிள். நீங்க இங்க சாப்பிட்டா எங்கம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப கெதியா வெளிக்கிடுங்கோ!" என்றார் அவர், மீச் சட்டியைத் தள்ளிவிட்டு.

கார் கண்ணாடியை இறக்கியும் நண்டு மணம் போகவில்லை. கேரியர் மனோரஞ்சிதத்தின் மடியில், அவருடைய நல்ல பட்டுச்சேலை மேல் இருந்தது. குழம்பு ஒரு சொட்டுக் கசிந்தது. அவர் பார்த்தார், துடைக்கவில்லை.

கதவைத் திறந்த உமாமகேஸ்வரி நைட்டியில் இருந்தாள். பார்த்ததும் உள்ளே ஓடப் போனவளை மனோரஞ்சிதம் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எனக்குச் சரியான பசி. சாப்பாடு இருக்கே?"

உமாமகேஸ்வரி மகளைப் பார்த்தாள். அனுப்ரியா தலையை ஆட்டினாள்.

"ஐயோ, மிச்சக் குழம்பையெல்லாம் பக்கத்து வீடுகளுக்குக் குடுத்துட்டேனே..."

"நண்டை நாங்களே கொண்டுவந்திருக்கிறம். சோறு மட்டும் போடுங்கோ. முதல்ல, கை எங்க கழுவிறது?"

உமாமகேஸ்வரி சொம்பில் தண்ணீர் எடுத்து வந்து, சமையலறைத் தொட்டியருகே தானே ஊற்றினாள். மனோரஞ்சிதம் விரல்விரலாகக் கை நனைத்தார்.

அட்டைப்பெட்டியிலிருந்து பீங்கான் தட்டுகள் மறுபடியும் வெளியே வந்தன. மேசை போதாமல் எல்லோரும் தரையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தார்கள். சின்னராசு முட்டை பொரித்துக்கொண்டே இருந்தார். இராஜரத்தினம் மூக்கு ஒழுக ஒழுக, கண்ணில் நீர் வர வர நண்டுக் காலை உறிஞ்சினார். "காரம்," என்றார். "இன்னும் கொஞ்சம் குழம்பு," என்றார். கடைசியில் தரையிலிருந்து எழ முடியாமல் சின்னராசுவும் யதீசனும் ஆளுக்கொரு பக்கம் தூக்கவேண்டி வந்தது.

அவர்கள் கிளம்பும்போது மனோரஞ்சிதம் வாசலில் திரும்பி, "வாற ஞாயிறு நீங்கள் அங்க வரவேணும். இடியப்பமும் சொதியும்," என்றார். பிறகு அனுப்ரியாவைப் பார்த்து விரலை நீட்டினார். "நீயும்தான். காப்பிக்கடைக்குப் போகாமல்."

கதவை அடைத்ததும் அனுப்ரியா அம்மாவிடம் திரும்பினாள். "அம்மா, சொல்லிட்டேன். அங்க போய் சாப்பிட்டுட்டு வந்தோம்னு சொல்லக் கூடாது."

"சேச்சே, சொல்ல மாட்டேன்டி." உமாமகேஸ்வரி நண்டு ஓடுகளை அள்ளிக்கொண்டே யோசித்தாள். "ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு தோசை மட்டும்..."

"அம்மா!"