நானூறு வரை இழுக்கும் லென்ஸ்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எக்ஸ்ரேக்காரர் கீழ்வீட்டுச் சோபாவின் நுனியில், இன்டர்வியூவுக்கு வந்தவர் மாதிரி முழங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு பழைய லென்ஸ். பக்கத்தில் அவர் மனைவி. அவளை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் அவர்கள் வீட்டுக்குள் ஒரு பொருள் அவள் கண்ணில் படாமல் நுழைந்த சரித்திரம் கிடையாது.

மனுஷருக்குப் பறவைப் பைத்தியம் பிடித்து ஒரு வருஷம்தான் ஆகிறது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் குட்டையோரம் மதியச் சாப்பாட்டை எடுத்துப்போய்ச் சாப்பிட ஆரம்பித்தவர், அங்கே ஒரு மீன்கொத்தியிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டார். கேமராவோடு வந்த குட்டி லென்ஸில் எடுத்தால் மீன்கொத்தி கடுகளவு தெரியும். பெரிதாக்கினால் நீலமாய் ஒரு அழுக்கு. "இதுவா பறவை? திரைல என்னமோ ஒட்டியிருக்குன்னு நான் தொடச்சேன்" என்று மனைவி சொன்ன அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். பதினொரு வீடியோ பார்த்தார். எக்ஸ்ரே கவரின் பின்பக்கம் பட்டியல் போட்டார். புதிதில் நல்லதென்றால் மூன்று மாதச் சம்பளம் போய்விடும். கைக்கு எட்டும் விலையில் இருப்பது முந்நூறு மில்லிமீட்டரோடு நின்றுவிடும். கடுகு மிளகாகும், அவ்வளவுதான். மிச்சமிருந்தது, கீழ்வீட்டுக் கல்யாணப் போட்டோக்காரரின் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த நானூறு.

அவர் அதை வாங்கிய கதையைத் தெருவே அறியும். மேடைப் பக்கம் போகாமல், சாப்பாட்டு வரிசையில் நின்றபடியே மாப்பிள்ளையைப் படம் எடுக்கத்தான் வாங்கினார் என்பார்கள். ஆறு மாதமாக எந்தக் கல்யாணத்துக்கும் போவதில்லை. கேட்டால் இடுப்பு வலி என்பார்.

"பளிங்கு மாதிரி வெச்சிருக்கேன் தம்பி. போன வாரம்கூட டார்ச் அடிச்சுப் பார்த்தேன், ஒரு தூசி கிடையாது. உனக்குங்கறதால பாதி விலை."

எக்ஸ்ரேக்காரர் மூடிகளைக் கழற்றி, லென்ஸைக் கண்ணுக்கு நேரே தூக்கி, மறுபக்கத்திலிருந்து டார்ச் அடித்தார். உள் கண்ணாடியில், ஓரத்திலிருந்து நடுவரைக்கும், சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தது. சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

இருபத்திரண்டு வருஷ வேலையில் அவர் கற்ற பெரிய வித்தை, படத்தில் தெரிவது முகத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான். உடைந்த எலும்போ, அதைவிடப் பெரிய சங்கதியோ, "டாக்டர் சொல்வாரு" என்று கவரை நீட்டிவிட வேண்டும். அந்தப் பழக்கம் இப்போதும் யாரும் அழைக்காமலே முகத்தில் வந்து உட்கார்ந்தது.

"நல்லா வெச்சிருக்கீங்கண்ணே" என்றது வாய். டார்ச்சை மேசையில் வைத்துவிட்டு, கை சட்டைப்பையைத் தடவியது.

மனைவிக்கு அந்த முகம் தெரியும். அவள் அப்பாவின் நெஞ்சுப் படத்தை எடுத்துவிட்டு வெளியே வந்தபோது, இதே முகத்தோடுதான் "டீ குடிக்கறியா?" என்று கேட்டார்.

"ஏங்க, இருங்க. உள்ள என்ன தெரிஞ்சுது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இந்த மூஞ்சி?"

போட்டோக்காரர் சிரித்தார். "எங்க வீட்டுக்காரி தேவலை போலிருக்கே! நீயே பாரும்மா" என்று டார்ச்சை எடுத்து அவளிடம் நீட்டினார். சோபாவின் கைப்பிடிக்கு நீட்டினார் என்பதுதான் சரி; அவள் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

எக்ஸ்ரேக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. இவர் ஏமாற்றவில்லை. டார்ச் அடித்துத்தான் பார்த்திருக்கிறார், பளிங்காகத்தான் தெரிந்திருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் அவர் கண்மணிகளின் நடுவே, பால் கலந்த தண்ணீர் மாதிரி ஒரு மங்கல்.

பணத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடலாம். பூஞ்சையை யாரிடமாவது கொடுத்துத் துடைத்துக்கொள்ளலாம். சொன்னால், நாற்பது வருஷமாகக் கண்ணை வைத்தே பிழைத்தவரிடம் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால், இடுப்பு வலி என்று சொல்லிக்கொண்டே அவர் முழுசாக இருட்டுக்குள் போய்விடுவார்.

"அண்ணே" என்றார். குரல் அவருக்கே புதுசாக இருந்தது. "உள்ள பூஞ்சை இருக்கு. நிறைய."

"எங்க?" போட்டோக்காரர் லென்ஸைப் பிடுங்காத குறையாக வாங்கினார். டார்ச்சை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனைவி வாயைத் திறந்து, அதிசயமாக, மூடிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியலையே தம்பி."

"தெரியாதுண்ணே. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க. கண் டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

"நீ லென்ஸ் பார்க்க வந்தியா, என்னைப் பார்க்க வந்தியா?"

போட்டோக்காரர் லென்ஸுக்கு மூடி போட்டார். மூன்றாவது தடவைதான் பொருந்தியது. எழுந்து ஜன்னலுக்குப் போனார். எதிரே மின்கம்பியில் குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. உள்ளங்கையால் ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு இன்னொரு கண்ணை.

"நாலு" என்றார் திரும்பாமல். "நாலுதானே?"

கம்பியில் ஒன்பதாவது குருவி வந்து இறங்க, மற்ற எட்டும் கொஞ்சம் கொஞ்சமாய் நகர்ந்து அதற்கு இடம் விட்டன.