எங்கிருந்து வந்த இரும்பு?

தேவனின் ஜெனரேட்டர் நடக்க ஆரம்பித்துவிட்டது. பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜினையும் எங்கோ கழற்றிய டைனமோவையும் பெல்ட் போட்டு இணைத்து அவனே செய்த யந்திரம் அது. அதன் அதிர்வைத் தாங்காமல் அடிப்பலகை பிளந்தது. யந்திரம் பின்வாசலிலிருந்து குதித்துக் குதித்துக் குளியலறை வரை போய், பெல்ட்டை அறுத்துக்கொண்டு நின்றது.

தேவனுக்கு ஆத்திரம் பொங்கியது. லுக்குட் டவுனுக்குப் பக்கத்து எஸ்டேட்டின் லய வீடுகளில் மறுபடியும் கரண்டு இல்லை. மறுபடியும் எவனோ கேபிளை அறுத்து விற்றிருந்தான்.

"தூ! ஊர இருட்டாக்கி வயித்த வளக்கிறானுங்களே, இதுக்குப் பீயத் தின்னலாம் லா!"

அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. மனைவி நீலாவதியின் இன்சுலின், கரண்டில் ஓடும் ஐஸ் பெட்டியில் இருந்தது. கரண்டு போய்ப் போய் வந்ததில் போன மாதமே மருந்து கெட்டு, அவள் மயங்கி விழுந்து எழுந்திருந்தாள்.

"நாலு பக்கம் பலகை அடைச்சு சிமெண்டு ஊத்துங்க. போல்ட்டையும் அதுலேயே பொதச்சிட்டா அசையாது" என்றாள் நீலாவதி.

"அது நல்லா இறுக ஒரு வாரமாவும். அதுவரைக்கும் ஒன் மருந்து?"

"கடையில ஐஸ் வாங்கிக்கலாம். ஒரு வாரந்தான."

தேவனுக்குப் பொறுமை ஏது? மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு லுக்குட்டில் சுகுமாறனின் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டான். அங்கே கனமான இரும்புச் சட்டங்கள் கிடந்தன. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை பட்டையாகப் பெயிண்ட். முனைகள் புதிதாக அறுபட்டு மின்னின. பொதுச்சொத்து என்பது குருடனுக்கும் தெரியும்.

"எங்கேர்ந்து வந்துச்சின்னு கேக்காத லா. வேணுமா, வேணாமா?" என்றான் சுகுமாறன்.

தேவன் கேட்கவில்லை. தெரிந்துவிட்டால் வாங்க முடியாதே!

வேலை செய்யும் பட்டறையிலேயே பெயிண்டைத் தேய்த்தெடுத்து, சட்டங்களைத் துண்டு போட்டு, வெல்டிங் வைத்து ஸ்டாண்டாக்கி, சாம்பல் நிறம் அடித்துக் கொண்டுவந்தான். காலடியில் பழைய டயர் ரப்பர். சும்மா சொல்லக்கூடாது, ஜெனரேட்டர் கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்துவிட்டது. லயமே வேடிக்கை பார்க்க வந்தது. நீலாவதி யந்திரத்துக்குப் பொட்டு வைக்கச் சந்தனமும் குங்குமமும் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்தாள்.

அந்த நேரத்தில்தான் பின்பக்கத்திலிருந்து அலறல் கேட்டது.

பின்லயத்துப் புஷ்பவள்ளி. தொழிற்சாலையில் காலை வேலை முடிந்து, பஸ்ஸிலிருந்து இறங்கி, லயத்துக்குப் பின்னால் சாக்கடைக் கால்வாயின் பலகைப் பாலத்தில் வந்திருக்கிறாள். மழையில் ஊறிய பலகை வழுக்கியது. தினமும் பிடிக்கிற பழக்கத்தில் கைப்பிடிக்குக் கையை நீட்டினாள். விடிகாலையில் போகும்போது இருந்த கைப்பிடி இப்போது இல்லை.

சாக்கடைச் சேற்றிலிருந்து அவளைத் தூக்கியபோது முழங்கைக்குக் கீழே கை வேறு பக்கம் திரும்பியிருந்தது. வாயெல்லாம் அழுக்குத் தண்ணீர். கூட்டம் திருடனைக் காறித் துப்பியது. தேவனும் வாயைத் திறந்தான். முன்வழியாக மோட்டார் சைக்கிளில் போய்வரும் அவன் இந்தப் பாலத்தைப் பார்த்தே பல நாளாகிவிட்டது. அறுத்தவன் விட்டுப்போன இரும்பு அடிக்கட்டைகள் இரண்டு பக்கமும் நின்றன. மஞ்சள், கறுப்பு, மஞ்சள்.

திறந்த வாய் மூடிக்கொண்டது.

புஷ்பவள்ளியைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தவன், நீலாவதியிடம் உண்மையைச் சொன்னான். கையோடு ஒரு சமாதானத்தையும் சொன்னான்.

"நான் திருடல நீலா. காசு குடுத்துத்தான் வாங்குனேன்."

நீலாவதி குங்குமத் தட்டைக் கீழே வைத்தாள். அவனைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. "நம்ம கேபிளையும் எவனோ காசு குடுத்துத்தான் வாங்கியிருப்பான். அவன் பொண்டாட்டிக்கும் சீக்கா இருக்கலாம். அவனத்தான காலையில பீயத் தின்னச் சொன்னீங்க?"

தேவனால் நிமிர முடியவில்லை. "மருந்து..." என்று இழுத்தான்.

"அந்தப் பொம்பள கைய ஒடச்சிக் காப்பாத்துற மருந்து எனக்கு வேணாம்."

மறுநாளே ஜெனரேட்டரை இறக்கினான். ஐஸ் வாங்கி மருந்தை அதில் வைத்தான். சட்டங்களைப் பட்டறையில் மறுபடி ஒட்டிப் பட்டப்பகலில் தோளில் சுமந்து வந்து, பாலத்தில் பொருத்தி போல்ட் முடுக்கினான். வேடிக்கை பார்த்தவர்களிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னான். சில பேர் முகத்துக்கு நேரே துப்பினார்கள். துடைத்துக்கொண்டான்.

பக்கத்துவீட்டு ராமசாமி மட்டும் அவன் காதருகே குனிந்தார். "யாருக்குந்தான் தெரியாதே லா, ஏன் சொன்ன?"

தேவன் போல்ட்டை இன்னொரு சுற்று இறுக்கினான்.

"அறுத்தவன் சாமானுக்கு வெல கேட்டேன் பாருங்கண்ணே, அவன் கையில ரம்பத்தக் குடுத்தவனே நான்தான். வாங்க ஆள் இல்லன்னா திருட ஆள் இல்ல. இனிமே எதையும் என்ன வெலன்னு கேக்கறதுக்கு முன்ன, எங்கேர்ந்து வந்துச்சின்னு கேளுங்க. கேக்காம வாங்குறவனும் திருடந்தான்."