முப்பத்தோரு பேர் இருந்த வீடு

எங்கள் சந்தில் முதல் வீடு எங்களுடையது. இதை நானாக எடுத்துச் சொன்னால்தான் உண்டு, வேறு யாரும் சொல்வதில்லை. நாங்கள் வந்தபோது ஜொகூர் பாருவின் இந்தப் புறத்தில் லாலான் புல்லும் இரண்டு சீனர்களின் காய்கறித் தோட்டமும்தான் இருந்தன. என் வீட்டுக்காரர் வீரமுத்து அதற்கு முன் கோத்தா திங்கி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பாலுக்காக மரம் வெட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஒரே மகள் செல்லம் அங்கேதான் ஆறு வயதில் காய்ச்சலில் போனாள். அதன் பிறகு அந்த லயத்து வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. அவருக்கு ரயில்பாதையில் வேலை கிடைத்ததும் இங்கே வந்து, பலகை அடித்து, அத்தாப்பு ஓலைக் கூரை போட்டு இரண்டு அறை கட்டினோம். வாசலுக்குப் பக்கத்தில் கிணறு வெட்டினோம்.

அந்தக் கிணறுதான் என் செல்வாக்கு. பிறகு சந்துக்கு வந்தவர்கள் எல்லாரும் என் வாசலில் நின்று, "அக்கா, ரெண்டு தகரம் தண்ணி எடுத்துக்கவா?" என்று கேட்டுத்தான் எடுத்தார்கள். நான் வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் கேட்காமல் கயிற்றில் கை வைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

சந்திரமதியும் அப்படிக் கேட்டுக்கொண்டு வந்தவள்தான். மெர்சிங்கிலிருந்து புருஷன் சபாபதியோடும் கைக்குழந்தையோடும் ஒரு துணி மூட்டையோடும் வந்து நின்றாள். மூன்று மாதம் என் வீட்டில்தான் தங்கினார்கள். நான்தான் பாய் கொடுத்தேன், உலை வைக்க அடுப்பு கொடுத்தேன். ஒரு நாள் மனசு தாங்காமல் செல்லத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். இந்தச் சந்தில் வேறு யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதுவும் என்னைவிட நன்றாக அழுதாள். அன்றைக்கே அவளைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சிங்கப்பூருக்குக் கடல்மேல் பாதை போட்டு ரயில் விட்ட பிறகு ஆட்கள் வந்து குவிந்தார்கள். சாலை போடுகிறவர்கள், ரயில்பாதை ஆட்கள், கப்பல்துறை வேலைக்குப் போகிறவர்கள், கடை வைக்க வந்தவர்கள். லாலான் இருந்த இடமெல்லாம் கூரையாயிற்று. சபாபதி கட்டட குத்தகை எடுத்தான், கையில் காசு புரண்டது. சந்தின் மறுகோடியில், சாலையை ஒட்டி, அரைச்சுவர் செங்கல் வைத்து, தகரக் கூரை போட்டு, வரிசையாக நாலு வீடு எழுப்பினான். ஒன்றில் அவர்கள் இருந்துகொண்டு மூன்றை வாடகைக்கு விட்டார்கள். சந்திரமதிக்கு வரிசையாகப் பிள்ளைகளும் பிறந்தன. மழை பெய்யும்போது அவள் தகரக் கூரைச் சத்தம் என் வீடு வரைக்கும் கேட்கும். என் அத்தாப்பில் மழை பெய்தால் எனக்கே கேட்காது. எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை இறக்கி, ரயில்பாதை ஆட்கள் ஐந்து பேரைத் தங்க வைத்தோம். அனுமதி கினுமதி ஒன்றும் கேட்கவில்லை. பின்பக்கம் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? அந்த ஐந்து பேர் கொடுக்கிற வாடகையில்தான் எங்கள் அரிசி. நாங்கள் இருவரும் அவர்களும் சேர்ந்து ஏழு பேர்.

அந்த வருஷம் டவுன் போர்டுக் குமாஸ்தா ருக்னுதீன் கிராணி வந்தார். நாகூர்ப் பக்கத்துக்காரர், நம் பேச்சுத்தான் பேசுவார். கக்கத்தில் ஒரு பெரிய பதிவுப் புத்தகம்.

"சந்துக்கு ஒரு தெருக்குழாய் போடப்போறோம்மா. ஒண்ணுதான். வந்த பிறகு கிணத்த மூடிடணும், அது சுகாதாரத்துக்கு ஆகாது."

"குழாய எங்க வைப்பீங்க?"

"எந்தக் கோடியில ஆளு அதிகமோ அங்க. நாளைக்கு வந்து எண்ணிக்கிறேன். பேரு, வயசு எல்லாம் வேணும்."

அவர் போன பிறகு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிணற்றை மூடிவிட்டு, குழாயையும் சந்திரமதி வாசலில் வைத்துவிட்டால் நான் யார்? தகரத்தைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலில் போய் நிற்க வேண்டும். என் பாயில் படுத்து எழுந்தவள் சொல்லுவாள், எடுத்துக்கங்க அக்கா என்று. அதை நினைத்தால் தண்ணீரே தொண்டையில் இறங்காது போலிருந்தது. அவள் நாலு வீட்டிலும் இருபத்திரண்டு பேர் என்று எனக்குத் தெரியும். அவள் வீட்டுக்கு யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பது அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் கோடியில் நாங்கள் ஏழு பேர், சீனர்கள் ஐந்து பேர். அவ்வளவுதான்.

மறுநாள் காலையிலேயே வேலையில் இறங்கினேன். யஹ்யா பாய் சாப்பாட்டுக் கடையில் கெஞ்சிக் கூத்தாடி இருபது தகரத் தட்டு இரவல் வாங்கினேன். கொட்டகையில் கிழிந்த பாய், கிழியாத பாய் எல்லாவற்றையும் சுருட்டி வரிசையாக நிறுத்தினேன். தங்கியிருந்தவர்களின் வேட்டி, கைலி, என் பழைய சேலை எல்லாவற்றையும் நனைத்துக் கொடியில் போட்டேன். அன்றைக்கு என் வீட்டைப் பார்த்தால் கல்யாண வீடு என்றுதான் சொல்வார்கள்.

ருக்னுதீன் கிராணி கொடியைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார்.

"மொத்தம் எத்தன பேரும்மா?"

"முப்பத்தொண்ணு. எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்க."

"அலமாக்," என்று மலாயில் வியந்துவிட்டு உட்கார்ந்து பென்சிலைத் தீட்டினார். "பேரு சொல்லுங்க."

நான் பெயர்களைப் பற்றி யோசிக்கவே இல்லை. முதல் ஏழு பெயரைச் சொல்லிவிட்டேன். பிறகு தோட்டத்தில் எங்களோடு லயத்தில் இருந்தவர்களைச் சொன்னேன். ஐயாசாமி, தங்கராஜு, பாம்பு கடித்துச் செத்த மூர்த்தி. ஊரில் இருக்கிற என் அண்ணன்மார்களைச் சொன்னேன். பதினெட்டு, இருபது, இருபத்தைந்து. அவர் எழுத எழுத நான் சொன்னேன். முப்பதில் நின்றுவிட்டது. மண்டையில் ஒரு பெயரும் இல்லை. கிராணி தலை நிமிர்ந்து பார்த்தார்.

"செல்லம்," என்றேன்.

"வயசு?"

"ஆறு."

அதையும் எழுதிக்கொண்டார். அவர் போன பிறகு தட்டுகளைக் கழுவி யஹ்யா பாயிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். சந்திரமதி வீட்டைத் தாண்டும்போது தலையை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

பத்து நாள் கழித்து எங்கள் வாசலில் முளை அடித்துவிட்டுப் போனார்கள். குழாய் எங்கள் கோடிக்குத்தான். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அன்றைக்குப் பாயசம் வைத்தேன். எதற்கு என்று வீரமுத்து கேட்டார். சும்மாதான் என்றேன்.

அடுத்த வாரம் ருக்னுதீன் மறுபடி வந்தார். கூடவே தொப்பி போட்ட சுகாதார இன்ஸ்பெக்டர், ஒரு மலாய்க்காரர். இரண்டு அறை வீட்டில் முப்பத்தோரு பேர் என்று பதிவில் இருந்தால் யாராவது வந்து பார்க்கத்தான் செய்வார்கள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. அன்று வீரமுத்துவுக்கு வேலை இல்லை, வீட்டில்தான் இருந்தார். இன்ஸ்பெக்டர் நேராகப் பின்பக்கம் போய்க் கொட்டகையை நாடா பிடித்து அளந்தார். பிறகு கிராணியிடம் ஏதோ சொன்னார்.

கிராணி என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "இதுக்கு அனுமதி இல்ல, சன்னலும் இல்ல. பத்துப் பேருக்குள்ள இருந்தா, ஒரு சன்னல் வெட்டிக்கச் சொல்லிட்டு விட்டுடலாம்னு சொல்றாரு. முப்பத்தொரு பேருன்னா உடைச்சே ஆகணும். நோய் வந்தா சந்தே போயிடும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இவ்வளவு பேரும் இங்கதான் இருக்காங்களா?"

அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன். தப்பிக்க எனக்கு ஒரு வழி வைத்துத்தான் கேட்டார். இல்லை, ஏழு பேர்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் கொட்டகை பிழைக்கும். எங்கள் அரிசியும் பிழைக்கும். ஆனால் வாசலில் அடித்த முளையைப் பிடுங்கிக்கொண்டு போய்ச் சந்திரமதி வாசலில் அடிப்பார்கள். வாசலைப் பார்த்தேன். அந்த முளை தெரிந்தது.

"எல்லாரும் இங்கதான் இருக்காங்க," என்றேன்.

கிராணி பெருமூச்சு விட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "வேலைக்குப் போனவங்க சரி. இந்தப் புள்ள எங்க? செல்லம், ஆறு வயசு?"

வீரமுத்து சட்டென்று என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"வெளையாடப் போயிருக்கா," என்றேன்.

வீரமுத்து எழுந்து கிணற்றடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர்கள் போகிற வரைக்கும் திரும்பவில்லை. அதன் பிறகு நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், "உப்பு குறையுது," என்றார். அவ்வளவுதான், அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

கொட்டகையைப் பிரித்தார்கள். ஐந்து பேரும் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். எங்கே போவார்கள்? சந்தின் மறுகோடிக்குத்தான். சபாபதி முறையாக அனுமதி வாங்கி, சன்னல் வைத்து, இன்னும் இரண்டு வீடு கட்டினான். என் வீட்டு ஆட்கள் இருந்தால் போதும், அவனுக்கு வீடு நிரம்பிவிடும். நான் முறுக்கு சுட்டு யஹ்யா பாய் கடைக்குக் கொடுக்க ஆரம்பித்தேன்.

போகட்டும், கிணற்றை மூடினார்கள், குழாய் வந்தது. இரும்புத் தூண், மேலே பித்தளைத் திருகு. திறந்த முதல் நாள் தலை குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். தகரங்களோடு கூட்டம் வந்தது. எனக்குத் தெரியாத முகங்கள்தான் அதிகம். திருகைத் திருகினார்கள், பிடித்தார்கள், போனார்கள். ஒருத்தராவது அக்கா என்று கேட்க வேண்டுமே! குழாய்க்கு யாரைக் கேட்க வேண்டும்? நான் என் தகரத்தை எடுத்துக்கொண்டு கிட்டே போனேன். புதிதாக வந்த ஒரு பெண் என்னைப் பார்த்து, "வரிசையில வாங்க," என்றாள்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றது சந்திரமதி. சிரித்தாள்.

"நல்லவேளைக்கா, எங்க வாசலுக்கு வராமப் போச்சு. கிராணி எண்ண வந்த அன்னிக்கே கையெடுத்துக் கும்பிட்டேன், எங்களுக்கு வேணாம்னு. விடியறதுக்கு முன்னாடி இருந்து தகரச் சத்தம், சேறு, சண்டை. குடியிருக்கிறவங்க ஓடிடுவாங்கல்ல. அக்கா வாசல்லயே வைங்க, அவங்கதான் இத்தன நாளா தண்ணி குடுத்தவங்கன்னு சொன்னேன். சரின்னுட்டாரு."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கேதான். உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி."

அவள் வேண்டாம் என்று தள்ளிய பொருளுக்காக நான் கொட்டகையை இழந்திருக்கிறேன். அவள் முறை வந்தது, பிடித்துக்கொண்டு போனாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றதில் என் தகரம் வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து யாரோ திட்டினார்கள்.

அவள் சொன்னது அப்படியே நடந்தது. கோழி கூவும் முன்பே என் தலைமாட்டில் தகரம் உருளும். வாசல் சேறாகி, நான் போட்ட கோலம் ஒரு நாழிகைகூட நிற்காது. மறுகோடியில் அவள் வாசல் காய்ந்து பளிச்சென்று கிடக்கும்.

அடுத்த வருஷம் ருக்னுதீன் கிராணி பதிவைச் சரிபார்க்க வந்தார். நான் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சந்திரமதி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தைத் திறந்து, ஐயாசாமி, தங்கராஜு, மூர்த்தி என்று படித்தார். நான் போயிட்டாங்க, போயிட்டாங்க என்றேன். அவர் ஒவ்வொரு பெயராகக் கோடு போட்டுக்கொண்டே வந்தார். கடைசிப் பெயருக்கு வந்தார்.

"செல்லம். பொண்ணு. போன வருஷம் ஆறு வயசுன்னு இருக்கு. இருக்காளா?"

போயிட்டா என்று சொன்னால் முடிந்தது. ஏறக்குறைய முப்பது பேருக்குச் சொல்லிவிட்டேன், அதே சொல்தான். வாயைத் திறந்தேன், வரவில்லை. பென்சில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தது.

சந்திரமதி திருகை மூடினாள்.

"இருக்கா," என்றாள். "ஏழுன்னு எழுதிக்கங்க."

அவர் எழுதிக்கொண்டு போனார். அவளும் தகரத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அவள் செங்கல் சுவரைப் பார்த்தும் தகரக் கூரையைப் பார்த்தும் பிள்ளைகளைப் பார்த்தும் எனக்கு எரிந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. என் மகளுக்கு ஏழு வயது என்று இந்த உலகத்தில் முதலில் சொன்னவள் அவள். நான் சொல்லியிருக்க வேண்டியது அது. அதைத்தான் இன்றுவரைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.