ஆறாங்கட்டைத் தர்மாவின் இடது கால்

ஆறாங்கட்டைத் தர்மா போன சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகாலுக்கு இறந்துபோனார். அவருடைய இடது கால் மட்டும் இறக்கவில்லை. வீட்டுக்கு வந்த டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், எல்லாம் முடிந்திருந்தது. கால் தன் பாட்டுக்குப் போர்வைக்குள் ஆடிக்கொண்டிருந்தது. இறப்புப் படிவத்தில் காலுக்கென்று தனிக் கட்டம் இல்லாததால் அவர் ஆள் இறந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சிம்பாங் பூலாய் தாமான் குடியிருப்பில் இருந்த வீட்டு நடுக்கூடத்தில் தர்மாவைக் கிடத்தி, வழக்கப்படி கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டினார்கள். இடது கால் அவிழ்த்துக்கொண்டது. ராஃபியா கயிற்றால் கட்டினார்கள், அதையும் அவிழ்த்துக்கொண்டது. லாரியில் தார்ப்பாய் கட்டுகிற கயிறு கொஞ்ச நேரம் தாங்கியது. சாயங்காலத்துக்குள் வீட்டில் எல்லோரும் பழகிவிட்டார்கள். துக்கத்துக்கு வந்தவர்களைக் கால் பக்கம் உட்கார வேண்டாம் என்று மட்டும் சொல்லிவைத்தார்கள்.

அந்தக் காலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. காலையில் ரப்பர் மரப் பட்டையை வெட்டி, பால் எடுத்து, நிறுவையில் வைத்துவிட்டு, மாலையில் திடலுக்கு வந்து பந்து விளையாடியவர்கள் பேராக் மாநிலத் தோட்டங்களில் எத்தனையோ பேர். ஆனால் கோப்பெங்குக்கு உள்ளே ஆறாவது மைலில் இருந்த ஆறாங்கட்டைத் தோட்டத்துத் தர்மா இடது காலால் உதைத்த பந்து, கோலுக்குள் போகலாமா வேண்டாமா என்று சற்று யோசித்துவிட்டுத்தான் போகும். தாப்பாவில் ஒருமுறை அவர் மூலையிலிருந்து உதைத்த பந்து திடலை விட்டு வெளியேறி, பேருந்து நிலையத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கமாக வந்து கோலானது. அதற்குள் இரண்டு அணிக்காரர்களும் ஆளுக்கொரு ஐஸ் தண்ணி குடித்து முடித்திருந்தார்கள். மழைக்கால ஆட்டங்களில் அவர் ஓடுகிற இடது ஓரத்தில் மட்டும் மழை பெய்யாது; தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிமார்கள் விவரம் தெரிந்தவர்கள், நாற்காலியை அந்தப் பக்கமே போட்டுக்கொள்வார்கள். பிறகு தோட்டம் விற்றுப்போனது, மரங்களைச் சாய்த்தார்கள், செம்பனை வந்தது, செம்பனைக்குப் பின்னால் வீடுகள் வந்தன. தர்மா இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். கிளட்சை மிதிக்கிற கால் அது என்பதால் அந்த பஸ் ஒரு நாளும் குலுங்கியதில்லை.

இத்தனை பெரிய காலை ஒரே ஒருவர்தான் தடுத்திருக்கிறார். அவர் பாலத்தடித் தோட்டத்துக் கோல்கீப்பர் உடையப்பன். எண்பத்து நாலாம் வருஷம் கோப்பெங் திடலில் தோட்டங்களுக்கிடையிலான சுழற்கிண்ண இறுதியாட்டம். பாலத்தடி ஒரு கோல் முன்னால் நின்றது. கடைசி நிமிஷத்தில் ஆறாங்கட்டைக்கு பெனால்டி. உதைக்க வந்தவர் தர்மா. அந்தப் பந்தை உடையப்பன் பாய்ந்து பிடித்தார். அந்த ஒரு பிடியில்தான் அவருடைய வாழ்க்கை மொத்தமும் எழுந்து நின்றது. தோட்டத்துத் துரை அவரைப் பால்மரம் வெட்டுவதிலிருந்து எடுத்து ஆபீஸ் காவலுக்குப் போட்டார். மூன்று மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிய மங்களம் அந்த வாரமே அவருக்குச் சரி சொன்னார். ஈப்போவுக்குக் குடிவந்தபின் பாதுகாவலர் வேலைக்கு நேர்காணலுக்குப் போனபோது அவரிடம் கேட்ட ஒரே கேள்வி, அதை எப்படிப் பிடித்தீர்கள் என்பதுதான். ஓய்வு பெற்றபின் சனிக்கிழமைதோறும் லிட்டில் இந்தியா சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து அதை விளக்குவார். தே தாரிக் டீ கிளாஸ்தான் தர்மா, சீனி டப்பாதான் பந்து. தர்மாவின் இடது கணுக்கால் உள்பக்கம் ஒரு நூல் திரும்பினால் பந்து வலது பக்கம் வரும். அதைக் கண்ணால் படித்துவிட்டேன் என்பார். கேட்டவர்கள் இதற்குக் கணுக்கால் சாஸ்திரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்தச் சாஸ்திரத்தில் ஒரே ஒரு குறை. உடையப்பன் அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

பயத்தில் மூடியதுதான். இறுக மூடிக்கொண்டு ஒரு பக்கமாக விழுந்தார். பந்து தானாக வந்து இரண்டு கைக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டது. திறந்து பார்த்தபோது ஜனங்கள் அவரைத் தூக்கியிருந்தார்கள். தோளில் இருப்பவன் கீழே இருப்பவர்களிடம் உண்மை சொல்ல அது நேரமில்லை. அப்புறம் நாற்பத்தோரு வருஷமாக நேரம் வாய்க்கவே இல்லை. தர்மா இறந்த செய்தி கேட்டதும் உடையப்பன் அழுதார். அந்த அழுகையில் ஒரு பங்கு நிம்மதி என்று அவருக்கே தெரிந்தது. அதற்காக இன்னொரு முறை அழுதார்.

புதன்கிழமை காலை அவரும் மங்களமும் துக்கம் கேட்கப் போனபோது தெரு முழுக்க ரசிகர்கள். தாப்பாவிலிருந்தும் கோப்பெங்கிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் வந்தவர்கள், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள், பாதிப் பேர் முட்டிக்குப் பட்டை கட்டியிருந்தார்கள். பந்தலில் உட்கார்ந்து ஆளுக்கொரு கோலைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொல்லும்போது அடுத்தவர் கையைப் பிடித்து நிறுத்தி, அது மழை நாள் இல்லை மச்சான், வெயில் நாள் என்று திருத்துவார். திருத்தியவரின் கண்ணும் கலங்கியிருக்கும். தர்மா ஆடிய ஆட்டங்களைவிட அவர்கள் நேரில் பார்த்த ஆட்டங்கள் அதிகமாக இருந்தன. அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. உள்ளே தட்டிலிருந்து உருண்ட ஓர் எலுமிச்சம்பழத்தை இடது கால் மெல்லத் தட்டிவிட்டது. அது உட்கார்ந்திருந்த இரண்டு அத்தைமார்களுக்கு நடுவே புகுந்து, வாசல் தாண்டி, கேட்டுக்கு வெளியே வாய்க்காலில் போய் விழுந்தது. பந்தலில் எல்லோரும் கைதட்டினார்கள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு மூச்சு நிறுத்திப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்கள்.

உடையப்பன் வாசற்படி ஏறியதும் கால் ஆடுவதை நிறுத்தியது. முழங்கால் மடங்காமல் நேராக எழுந்து, பெருவிரலை அவர் பக்கம் நீட்டியது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. அந்த வழி அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ரசிகர்களுக்குத் தலைவராக இருந்த அர்ச்சுனன், பழைய லாரி டிரைவர், தார்ப்பாய்க் கயிறு கொடுத்தவரும் அவர்தான், மாலையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"அண்ணே, நேத்துலேருந்து இது ஏன் அடங்கலேன்னு இப்பத்தான் வெளங்குது. அது ஒங்களத்தான் கேக்குது லா. அந்த பெனால்டிய இன்னொரு தடவ அடிக்கணுமாம்."

உடையப்பன் தமக்கு முட்டியில் ஆப்பரேஷன் ஆகியிருப்பதைச் சொன்னார், சர்க்கரை இருப்பதைச் சொன்னார், ஒரு சாவு வீட்டில் இதெல்லாம் முறையில்லை என்றும் சொன்னார். எரியூட்டும் இடத்தில் இரண்டு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். உயிரோடு ஒரு பாகம் இருந்தால் பெட்டியை வாங்கமாட்டோம் என்று போனில் கண்டிப்பாகவும் சொல்லியிருந்தார்கள். கடைசியில் மங்களம்தான் வழியை அடைத்தார். "நாப்பது வருஷமா கணுக்கால், கணுக்கால்னு எங்க எல்லாருக்கும் பாடம் நடத்துனீங்க. ஆளு படுத்துத்தானே கெடக்காரு, சுலபமாப் படிச்சிரலாம். போங்க லா."

இனி தப்ப முடியாது. கண்ணைத் திறந்துகொண்டு நின்றால் பந்து நிச்சயம் கோலாகிவிடும், சாஸ்திரம் போய்விடும், அதோடு அதன்மேல் கட்டிய எல்லாமும் போய்விடும். மூடிக்கொண்டால் இத்தனை பேர் கைபேசியோடு நிற்கிறார்கள். நிற்காமல் போய்விட்டாலோ தர்மாவுக்குச் சிதை இல்லை. உடையப்பன் உள்ளே போய், தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தர்மாவின் மனைவி வீரம்மாவின் பக்கத்தில் சிரமப்பட்டுக் குனிந்தார். ஊரில் யாரிடமும் சொல்லாததை அவர் காதோடு சொன்னார்.

"தங்கச்சி, அன்னைக்கு நான் கண்ண மூடிட்டேன். எதையும் பாக்கல."

வீரம்மா நிமிரவில்லை. கணவரின் நெற்றியில் திருநீறைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "அவருக்குத் தெரியும் லா, அண்ணே. கசாயம் குடிக்கிற ஆளு மாதிரி நீங்க கண்ண இறுக்கிக்கிட்டு நின்னீங்களாம். பாத்தவருக்குச் சிரிப்பு வந்திருச்சு. சிரிச்சதுல கால் தடுமாறி, பந்து ஒங்க கைக்கே போயிருச்சு."

தெரிந்தும் ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று உடையப்பன் கேட்க நினைத்தார். கேட்காமலேயே வீரம்மா சொன்னார். "பொழச்சிட்டுப் போறான், விடுன்னுருவாரு. ஆனா ஒரே ஒரு கொற இருந்துச்சு. பேராக் முழுக்க என் கால பாத்திருக்கு, நேரா முன்னால நின்ன ஒருத்தன் மட்டும் பாக்கலேம்பாரு. அது கோல் கேக்கலண்ணே. நீங்க பாக்கணுமாம்."

இதைக் கேட்டதும் உடையப்பனுக்கு வெட்கம் வந்தது, வெட்கத்துக்குப் பின்னால் அன்பு வந்தது. தம்மைக் காட்டிக்கொடுக்க உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார். சனிக்கிழமைச் சாஸ்திரம் தர்மாவின் காதுக்கும் போயிருக்கும். எத்தனை சிரித்திருப்பார். உடையப்பன் எழுந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு வெளியே போனார்.

வீட்டுக்கு எதிரே இருந்த காலி இடத்தில் பந்தலின் இரண்டு கம்பங்களைப் பிடுங்கி நட்டுக் கோல் செய்தார்கள். பன்னிரண்டு எட்டு வைத்து அளந்து பந்தை வைத்தார்கள். சவவண்டி கொண்டுவந்த சீனர், முப்பது வருஷத் தொழிலில் இப்படி ஒரு தேவை வந்ததில்லை என்று சொல்லிக்கொண்டே பெட்டியின் கால்பக்கப் பலகையைக் கழற்றிக் கொடுத்தார். ஆறு பேர் பெட்டியைத் தூக்கி முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டார்கள். இடுப்பில் ஆப்பரேஷன் செய்து எஃகு வைத்திருந்த ஒருவரை மட்டும் கூட்டம் மன்னித்து விட்டது. எத்தனை எட்டு ஓடுவது என்று அர்ச்சுனன் கேட்டார். மூன்று, எப்போதும் மூன்றுதான் என்று வீரம்மா வாசலில் நின்றபடி சொன்னார். நடுவர் இல்லை, விசில் இல்லை. சடங்கு செய்ய வந்திருந்த பண்டாரம் கையிலிருந்த சங்கை ஊதினார்.

ஆறு கிழவர்கள் பெட்டியோடு மூன்று எட்டு ஓடினார்கள். உடையப்பனுக்கு இமை தானாகவே மூடப் பார்த்தது. அதை அவர் மூடவிடவில்லை. கணுக்கால் எந்தப் பக்கமும் திரும்பவில்லை என்பதைப் பார்த்தார். நாற்பத்தோரு வருஷம் சொன்னது அத்தனையும் தப்பு, திரும்பியது முழங்கால். பந்து அவருடைய நெஞ்சுக்கு நேராக வந்தது, வந்து அவருக்கு முன்னால் நின்றது. அதன் தையல் ஒவ்வொன்றாகச் சுற்றுவதை அவர் பார்த்தார். யோசித்து முடித்ததும் அது மெல்ல இடது பக்கம் திரும்பியது. உடையப்பனும் இடது பக்கம்தான் பாய்ந்தார், முட்டியை மறந்து, உண்மையாகவே பாய்ந்தார். பந்து அவருடைய நடுவிரல் நகத்தைத் தொட்டு, கம்பத்தில் பட்டு, உள்ளே போனது.

கூட்டம் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தாமான் நாய்கள் குரைத்தன. உடையப்பன் புல்லில் கிடந்தார். அர்ச்சுனன் ஓடிவந்து தூக்கியபோது அவர் முகமெல்லாம் ஈரம். "நான் பாத்துட்டேன் லா," என்றார். "மொத தடவையா இன்னைக்குத்தான் பாத்தேன்." அது எந்த அர்த்தத்தில் சொன்னது என்று கூட்டத்துக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்தபோது ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. தாப்பாக்காரர் ஒருவர் மட்டும் தோளைத் தட்டி, நல்லா இருந்திச்சுல்ல என்றார். பெட்டியில் இடது கால் வலது காலின் பக்கத்தில் தானாகவே போய்ப் படுத்துக்கொண்டது. இந்த முறை வெள்ளைத் துணி போதுமானதாக இருந்தது. இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சவவண்டி போய்ச் சேர்ந்தது, எல்லாம் முறைப்படி நடந்தது, கால் மற்ற பாகங்களோடு சேர்ந்து எரிந்தது.

திரும்பி வரும்போது காரில் மங்களம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தார். அவருக்காகத்தான் உடையப்பன் பயந்துகொண்டிருந்தார். பொய்யான பிடியைப் பார்த்து வாழ்க்கைப்பட்டவர் அல்லவா. ஈப்போ எல்லை வந்ததும், கோபமா என்று கேட்டேவிட்டார்.

"நான் அன்னைக்குக் கோல்கம்பத்துக்குப் பக்கத்துலதானே நின்னேன்," என்றார் மங்களம். "கண்ண மூடிக்கிட்டும் ஓடாம நின்னீங்க. அதுக்குத்தான் சரின்னேன். வழியில வெத்தல வாங்கணும், மறந்துறாதீங்க."

பதினாறாம் நாள் காரியத்துக்கு ரசிகர்கள் அச்சடித்த அழைப்பில் தர்மாவின் படத்துக்குக் கீழே, அடித்த கோல்கள் இருநூற்றுப் பன்னிரண்டு, இறந்த மறுநாள் அடித்த ஒன்றும் சேர்த்து, என்று போட்டிருந்தார்கள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று நாலு பேர் பார்த்தார்கள், இல்லை என்று சொன்னார்கள். உடையப்பன் இப்போதும் சனிக்கிழமைகளில் அதே கடையில்தான் உட்காருகிறார். எண்பத்து நாலில் எப்படிப் பிடித்தீர்கள் என்று யாராவது கேட்டால், தெரியாது என்கிறார். பிடிக்க முடியாமல் போனதைக் கேட்டால் கிளாஸை நகர்த்தி வைத்து, சீனி டப்பாவை எடுத்து, முழங்காலில் ஆரம்பித்து அரைமணி நேரம் சொல்கிறார். பந்து முன்னால் வந்து நின்ற இடம் வரும்போது, கேட்கிறவர்களையும் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கச் சொல்கிறார். அவர்களும் இருக்கிறார்கள்.