வாய்விட்டுச் சொல்ல வேண்டிய காரணம்

ஃபிரிட்ஜ் வாங்குவதா வேண்டாமா என்று மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டை நடந்துகொண்டிருந்தது. அவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். அவள் வீட்டிலிருந்தபடியே துணி தைப்பவள். தவணையில் எடுத்துவிடலாம் என்கிறார் அவர். இருக்கிற தவணையே கழுத்தை நெரிக்கிறது என்கிறாள் அவள்.

"தொரைக்கு ஐஸ் தண்ணி வேணுமாம்க்கா!"

"நீதானடி பால் கெட்டுப்போச்சுன்னு தினமும் பாட்டுப் பாடுற?"

மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வரவு செலவு யோசனை சொல்லும் வேலை. பட்ஜெட் அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு தாளை எடுத்து நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் தேவை, மறுபக்கம் ஆசை என்று எழுதுவாள். அந்தக் கோட்டைப் பார்த்ததும் பாதிப் பேருக்குக் குரல் இறங்கிவிடும். இன்றோ பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சோடு பேச்சாக அந்தப் பெண் புருஷனின் கையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள். அவர் "ஆ" என்று கத்தினாரே தவிர கையை இழுத்துக்கொள்ளவில்லை. பட்ஜெட் அக்காவுக்குப் பொறாமையாக இருந்தது. பொறாமையேதான், வேறென்ன? கிள்ளுவதற்குக்கூட ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டுமே!

அவளுடைய ஆள் கப்பலில் சமையல்காரர். வீடு வாங்கிய கடனை அடைக்கப் போனவர். ஒவ்வொரு ஒப்பந்தம் முடியும்போதும் "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று கணக்குப் போட்டுச் சொன்னவள் அவள்தான். கணக்கில் ஒரு பிழையும் கிடையாது. கடன் ஒழுங்காகத் தேய்ந்துகொண்டு வந்தது. அவள் தனியாகச் சாப்பிட்டு, ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கப் போவாள். கட்டிலில் அவர் படுக்கும் பக்கத்தில் மடிக்காத துணிகள் குவிந்து கிடக்கும். மடித்து எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாகத் தெரியுமென்றே அவள் மடிப்பதில்லை.

போன வருஷம் அவருடைய கப்பல், ஒரு ராத்திரி பஸ் பயண தூரத்திலிருக்கும் துறைமுகத்துக்கு வந்தது. "ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்" என்றார். அந்த மாதச் சம்பளம் தீர்ந்திருந்தது. அவசரச் சேமிப்பில் பணம் இருந்தது. ஆனால் அது அவசரத்துக்கு. யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகவில்லை, கூரை ஒழுகவில்லை. ஊருக்கெல்லாம் ஒரு நியாயம் சொல்லிவிட்டுத் தனக்கு ஒன்று வைத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. "பரவால்ல விடு" என்றார் அவர். அந்தப் பரவால்லவை அவளால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

இப்போது அதே துறைமுகத்துக்குக் கப்பல் மறுபடி வந்திருந்தது. நேற்றே தகவல் வந்துவிட்டது. டைல்ஸ்காரரும் பெண்டாட்டியும் யோசித்துச் சொல்வதாக எழுந்து போன கையோடு, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. அவர்தான். தன் போனை உடைத்துக்கொண்டதால் யாரிடமோ இரவல் வாங்கிப் பேசினார்.

"ஏம்மா, நாளைக்குக் கம்பெனி ஆளு வராரு. இன்னொரு ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துக் கேக்குறாங்க. இல்லன்னா இங்கேயே இறங்கி வீட்டுக்கு வந்துடலாம். நீ என்ன சொல்ற?"

வந்துடுங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வாயில் சனி உட்கார்ந்திருந்ததோ என்னவோ, வெளியே வந்தது மேசைக் குரல்.

"இன்னொரு தடவை போனா கடன் மொத்தமா முடிஞ்சிடும். இப்ப வந்தா வட்டி இழுத்துக்கிட்டே போகும். கணக்குப்படி பார்த்தா போறதுதான் நல்லது."

அவர் மறுப்பார் என்று காத்திருந்தாள். ஒரு சண்டை போடுவார், நாலு வார்த்தை திட்டுவார், அதைப் பிடித்துக்கொண்டு அழுதுவிடலாம் என்றிருந்தாள். போனில் அந்தப் பக்கம் எதையோ சத்தமாக இறக்கினார்கள்.

"சரிங்க மேடம்" என்றார் அவர். சிரிப்பதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார். சிரிப்பு வரவில்லை. போன் வைக்கப்பட்டது.

திரும்பக் கூப்பிட்டபோது வேறு யாரோ எடுத்தார்கள். "அவரு அப்பவே கப்பலுக்குப் போயிட்டாரே."

அவள் எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து பர்சைத் திறந்து பார்த்தாள். பஸ்ஸுக்குக் காணாது. மாதக் கடைசி.

கேஷியரிடம் போய் நின்றாள். ஓய்வு பெறப்போகிற மனுஷர், எல்லாவற்றுக்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவர்.

"சார், என் அவசரச் சேமிப்புலேர்ந்து எடுக்கணும்."

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அந்தச் சேமிப்பிலிருந்து எடுப்பவர்கள் என்ன அவசரமென்று ஓர் ஊழியர் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவள் கொண்டுவந்த விதி அது. எழுதச் சொன்னால் எல்லோரும் "செலவு" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள், சொல்லச் சொன்னால் பாதிப் பேர் வெட்கப்பட்டுத் திரும்பிவிடுவார்கள் என்று அவள்தான் கமிட்டியில் வாதாடியிருந்தாள்.

கேஷியர் அவளுடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். இந்த நாற்காலி இவ்வளவு தாழ்வு என்று அவளுக்குத் தெரியாது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"சொல்லும்மா, என்ன அவசரம்? ஆஸ்பத்திரியா?"

"இல்ல சார்."

"வீட்டுல ஏதாவது ரிப்பேரா?"

"இல்ல."

"பின்ன?"

அவள் மேசையைப் பார்த்தாள். காது சுட்டது. "எனக்கு அவரைப் பாக்கணும் சார்" என்றாள். குரல் உடைந்து, நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "இன்னிக்கே போகணும். போகலன்னா கையெழுத்துப் போட்டுடுவாரு. நான்தான் போடச் சொன்னேன்."

கிண்டல் வரும் என்று எதிர்பார்த்தாள். கேஷியர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்துபோய்ப் பணத்தை எண்ணாமல் கொண்டுவந்து, "ஏழு மணி பஸ்ஸ விட்டுடாத" என்றார். பிறகு நினைவு வந்து எண்ணினார்.

பஸ்ஸில் அவள் தூங்கவில்லை. விடிந்து வெகுநேரம் கழித்து, வழியில் ஒரு பஞ்சரும் ஆகி, துறைமுக வாசலில் போய் இறங்கினாள். கம்பெனி ஆள் வந்துவிட்டுப் போய்விட்டாரா என்று காவலாளியைக் கேட்டாள். கம்பெனி ஆட்கள் எத்தனையோ பேர் வருகிறார்கள் போகிறார்கள், யாரைக் கேட்கிறாய் என்றார் அவர். கப்பலின் பெயரைச் சொன்னாள். அந்தப் பக்கம்தான், இப்போது ஆட்கள் வெளியே வருகிற நேரம், நில் என்றார்.

கம்பி வேலிக்கு அப்பால், தூரத்தில், ஒரே மாதிரி ஆரஞ்சு உடையும் தொப்பியும் போட்ட ஆண்கள் கூட்டமாக நடந்து வந்தார்கள். சிலர் தோளில் வீடு திரும்புகிறவர்களின் பை இருந்தது, சிலர் வெறுங்கையோடு வந்தார்கள். வெயிலில் கண் கூசியது. அவர் இளைத்திருப்பாரா, தாடி வைத்திருப்பாரா, எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எக்கி, எது அவர் தலை என்று தெரியாமலேயே, அத்தனை பேருக்குமாகக் கையைத் தூக்கி ஆட்டத் தொடங்கினாள்.