பன்னிரண்டாவது கதிரை

கேகாலைப் பக்கத்து எங்கள் றப்பர் தோட்டக் கோவிலில், பெரிய வியாழனன்று, ஆண்டவர் தம் பன்னிரண்டு அப்போஸ்தலரின் காலைக் கழுவிய நினைவாக, ஃபாதர் பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைக் கழுவுவார். ஆனால் அவர் கைக்கு வருமுன்பே அந்தக் கால்கள் கழுவப்பட்டிருக்க வேண்டும். உபதேசியார் யேசுதாசன் போட்ட சட்டம் அது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, அவரிடம் காட்டிவிட்டுத்தான் கதிரையில் உட்காரலாம். அழுக்குக் காலைத் தொடவேண்டுமென்று ஃபாதருக்கு என்ன தலையெழுத்து?

2003ஆம் ஆண்டு சீட்டுக் குலுக்கியபோது, றப்பர் மரத்தில் பால் வெட்டும் சவரிமுத்துவின் பெயர் விழுந்தது. அவருக்கு ஒரு ஜெபமும் முழுசாகத் தெரியாது. விடியற்காலையில் முதல் மரத்தில் கத்தி வைக்குமுன் சிலுவை போட்டுக்கொள்வார், அவ்வளவுதான். சீனி வருத்தக்காரர், நீரிழிவு. அட்டை கடித்த வலது கால் எட்டு மாதமாக ஆறாமல் சீழ் பிடித்து நாறியது.

"ஃபாதர் கை பட்டா ஆறிரும்" என்று மனைவி சூசையம்மாவிடம் சின்னப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார்.

யேசுதாசன் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இந்த நாத்தத்தோட பீடத்துக்கிட்ட வராதீங்க. வியாழக்கிழமைக்குள்ள சுத்தமாக்குங்க. இல்லாட்டி வேற ஆளப் போடுவேன்."

சவர்க்காரத்துக்கு நாற்றம் அசையவில்லை. மனுசன் தோட்டத்து ஸ்டோருக்கு வந்து, றப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டை ஒரு போத்தலில் வாங்கிப்போய், தண்ணீரில் கலந்து காலை ஊறப்போட்டார். மரத்துப்போன கால். வெந்தது தெரியவில்லை. போத்தலைக் கொடுத்தவன், ஸ்டோரில் வேலை செய்த நான்தான். எதற்கென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வியாழன் மாலை வெள்ளை வேட்டியும் காலில் வெள்ளைத் துணிக்கட்டுமாக வந்தார். நாற்றமே இல்லை. கட்டைப் பிரித்துக் காட்டினார். தோல் உரிந்து சதை தெரிந்தது.

"சுத்தமாயிருச்சுங்க, உபதேசியாரே."

"ஐயையோ, சனம் பாத்தா வாந்தி எடுக்கும். வெளிய போய் நில்லுங்க."

பன்னிரண்டாவது கதிரையில் யேசுதாசனே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். ஃபாதர் அவர் பாதத்தைக் கழுவி, துடைத்து, முத்தமிட்டார். பதினோராவது கதிரையில் நான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பூசை முடிந்து, ஃபாதர் கால் கழுவிய தண்ணீரிலாவது கொஞ்சம் தரும்படி சவரிமுத்து கேட்டார். "ஃபாதர் கை பட்ட தண்ணிய புண்ணுல ஊத்துறதா?" என்று சொல்லி, யேசுதாசன் அதைக் குரோட்டன் செடிக்கு ஊற்றினார்.

மே மாதம் ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்த ஞாயிறு எல்லோரும் முழந்தாளிட்டு அவருக்காக மன்றாடினோம். யேசுதாசன் கண்ணீர்கூட விட்டார்.

அடுத்த வருடம் சீட்டுக் குலுக்குமுன் சூசையம்மா வந்து கைகட்டி நின்றார்.

"இப்ப வேலைக்குப் போறதில்லீங்களே, மிச்ச கால் பளிச்சுன்னு இருக்குங்க. அவரு பேரையும் போடுங்க."

யேசுதாசன் செபப்புத்தகத்தை மூடினார். "அப்போஸ்தலருங்கள்ல நொண்டி யாரும் இல்லம்மா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.